ட்ராமைத் தவறவிட்ட கண்டக்டர்

"இஸ்காவா? அது எங்க இருக்கு?" என்று லண்டனிலிருந்து ரோசலின்ட் தொலைபேசியில் கேட்டார்.

"எங்க வீட்டுக்குப் பின்னாடிதான்" என்றாள் நெரிஸ் ஹாகெட்.

பேச்சுக்காகச் சொன்னதல்ல. வேல்ஸில் கெர்லியன் ஊரில் நெரிஸ் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் இரண்டு தோட்டங்கள், ஒரு கார் கொட்டகை, அதற்கப்பால் ரோமானியர்கள் விட்டுப்போன வட்ட அரங்கம். எங்கிருந்தெல்லாமோ பேருந்து பிடித்து அதைப் பார்க்க வருகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற இடம். நெரிஸ் சைக்கிள் பழகியது அதன் மண்மேட்டுச் சரிவில்தான். முன்பல் ஒன்றின் முனை உடைந்ததும் அங்கேதான். அந்தக் காலத்தில் ஊருக்கு இஸ்கா என்று பெயர். ஒரு படை முழுவதும் குடியிருந்த முகாம்.

ரோசலின்ட் ஒரு பதிப்பகத்தில் ஆசிரியர். வருஷக்கணக்காகத் தொலைக்காட்சியில் ஓடுகிற 'ஏழாம் நம்பர் ட்ராம்' தொடரை ஒட்டி நாவல்கள் வெளியிடுவது அவருடைய பிரிவின் வேலை. தொடரில் வரும் அதே ஆட்கள், தொடரில் வராத கதை. காலத்துக்குள் தண்டவாளம் போட்டு ஓடுகிற ஒரு ட்ராம். அதில் ஊதா நிறக் கோட்டுப் போட்ட கண்டக்டர், அவரோடு பயணம் போகிற ஆட்ரி. கையில் டிக்கெட் இருந்தால் எந்தக் காலத்து மனிதர் பேசும் எந்த மொழியும் புரியும். எந்த நூற்றாண்டில் நின்றாலும் சொன்ன நேரத்துக்கு மணியடித்து ட்ராம் கிளம்பிவிடும். யாருக்காகவும் அது காத்திருந்ததில்லை. கண்டக்டர் அதைத் தவறவிட்டதும் இல்லை.

இப்படிப்பட்ட நாவல் எழுதுவது வாடகை வீட்டில் குடியிருப்பது மாதிரி. தொடரின் அலுவலகத்திலிருந்து விதிகள் வரும். கண்டக்டர் நடக்கலாம், ஓடக் கூடாது. அவர் சாப்பிடுவதைக் காட்டக் கூடாது. யார்மீதும் ஆசைப்படக் கூடாது. கதை முடியும்போது எல்லோரும் எல்லாமும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலி செய்யும்போது வந்தபடியே விட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். நெரிஸ் பிறந்ததிலிருந்து வாடகை வீட்டில் இருப்பவள். அவளுக்கு இது சிரமமாகப் படவில்லை. தொடரின் ரசிகர் தொகுப்பு ஒன்றுக்கு அவள் எழுதிய சிறுகதை ரோசலின்டுக்குப் பிடித்துப்போய், பண்டைக் காலத்தில் நடக்கிற மாதிரி ஒரு நாவல் எழுத முடியுமா என்று கேட்டிருந்தார். எகிப்து, ரோம் என்று எல்லோரும் போகிற இடங்களுக்கு நெரிஸ் போகவில்லை.

அவள் வீட்டில் அதற்குமுன் யாரும் புத்தகம் எழுதியதில்லை, பட்டம் வாங்கியதும் இல்லை. அப்பா மெர்வின் நகர நீச்சல் குளத்தில் காவலாளி. காலையில் கதவைத் திறப்பதிலிருந்து சாயங்காலம் பூட்டுவதுவரை எல்லாச் சாவியும் அவர் இடுப்பில்தான். அம்மா ஜேனுக்கு சலவைக் கடையில் வேலை. நெரிஸ் படித்தது பண்டைய வரலாறு, வடக்கே டர்ஹம் பல்கலைக்கழகத்தில்.

அங்கே போன புதிதில் ஒருநாள், விடுதிச் சமையலறையில் கிடந்த பாத்திரங்களைப் பார்த்து அறைத்தோழி ஃபெலிசிட்டி முகம் சுளித்தாள். "இப்பவே கழுவிடுறேன், ஒரு நிமிஷத்துல" என்றாள் நெரிஸ்.

அவள் ஊர்ப்பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். 'இப்பவே, ஒரு நிமிஷத்துல.' இரண்டும் சேர்ந்தே வரும். மாட்டேன் என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை. எப்போது செய்வார்கள் என்பது மட்டும் தெரியாது.

ஃபெலிசிட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இரு இரு. ஒண்ணு இப்பவே, இல்ல ஒரு நிமிஷத்துல. ரெண்டும் எப்படி? நீ என்ன, காலத்துல முன்னும் பின்னும் போய்ட்டு வர்றவளா?"

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நெரிஸும் சிரித்தாள். அதன்பின் படிப்பு முடியும்வரை அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. பட்டத்தோடு ஊருக்குத் திரும்பி, அப்பா தேநீர் கேட்டபோது "உடனே கொண்டு வர்றேன்" என்றாள். அப்பா செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். "ஜேன், யாரோ நகராட்சியிலேர்ந்து வந்திருக்காங்க பாரு" என்றார்.

நாவலுக்கான விதை ஃபெலிசிட்டியின் அந்தக் கேலியிலிருந்துதான் வந்தது. எல்லா மொழியும் தெரிந்த கண்டக்டர், எல்லாக் காலத்தையும் நிமிஷம் பிசகாமல் அறிந்தவர், இஸ்கா முகாமைவிட்டு வெளியேறும்போது வாசலில் மாட்டிக்கொண்டால்? வாசல் காவலன் மாக்கஸ் நல்லவன், கொஞ்சம் பேச்சுக்காரன். கதவைத் திறக்கச் சொன்னால் "இப்பவே தெறக்கிறேன், ஒரு நிமிஷத்துல" என்கிறான். கண்டக்டர் அதை நம்பி நிற்கிறார். மணி அடிக்கிறது. தொடரின் சரித்திரத்திலேயே முதல்முறையாகக் கண்டக்டர் இல்லாமல் ட்ராம் போய்விடுகிறது. அங்கிருந்து ஆட்ரி எப்படி அதைத் திருப்பிக் கொண்டு வருகிறாள் என்பது மீதிக் கதை.

நியூபோர்ட்டில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் முன்மேஜையில் நெரிஸுக்கு வேலை. அதற்குக் கிளம்புமுன் காலையில் கிடைக்கிற நேரத்தில் எழுதி முடித்து அனுப்பினாள். எழுதும்போதே தெரிந்துவிட்டது, இது நன்றாக வந்திருக்கிறது என்று. அந்தத் தெம்பு அவளுக்குப் புதுசு.

பிரதி திருத்தங்களோடு திரும்பி வந்தது. 'பிரமாதம். சின்னச் சின்ன வேலைகள்தான்' என்று ரோசலின்ட் மேலே எழுதியிருந்தார். மொழி திருத்துபவர் மாக்கஸ் பேசிய இடத்தில் ஓரத்தில் குறித்திருந்தார்: 'இப்பவே, ஒரு நிமிஷத்தில் - முரண். ஒன்றை வைக்கவும்.' கேட்டதோடு நிற்காமல் அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நாவல் நெடுகிலும் 'இப்பவே'யை அடித்துவிட்டிருந்தார்.

அப்படி அடித்த பிரதிதான் தொடரின் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அங்கே பியர்ஸ் என்பவன் படித்துவிட்டு நியாயமாகவே கேட்டிருந்தான்: 'காவலன் ஒரு நிமிஷத்தில் திறப்பதாகச் சொல்லிவிட்டு ஏன் திறக்கவில்லை? பொய் சொல்கிறான் என்றால் காரணம் வேண்டும். எதிரியிடம் கைக்கூலி வாங்கியவனாக ஆக்கிவிடலாம். கடைசியில் தண்டனை கொடுக்க அரங்கம்தான் பக்கத்திலேயே இருக்கிறதே.'

நெரிஸ் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு வார்த்தை போனது, நல்லவன் ஒருவன் துரோகியாகிவிட்டான். யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை. அந்த வார்த்தை இல்லாமல் படித்தால் அவளுக்கே மாக்கஸ்மீது சந்தேகம் வந்தது.

சாயங்காலம் வீட்டில் முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும். அப்பா தட்டில் வினிகரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, என் புத்தகத்துல வாசல் காவலன் ஒருத்தன் வர்றான். உன்ன வச்சுத்தான் எழுதினேன்."

"என்னையா? சண்டையெல்லாம் போடுறேனா?"

"இல்ல. கதவு தெறக்குற."

"அதத்தான் தெனம் பண்றேனே." அவருக்கு ஏமாற்றம். "வேற?"

"அவன் துரோகின்னு மாத்தச் சொல்றாங்க. கடைசியில அரங்கத்துல வச்சுக் கொன்னுடணுமாம்."

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "சிங்கமா?"

"அப்பா!"

"சொல்லு கண்ணு. சிங்கமா, வாளா?"

"கெர்லியனுக்குச் சிங்கம் எங்கேருந்து வரும்? கரடி வேணும்னா வரும்."

"கரடியும் பரவால்ல. கேட்டியா ஜேன்? உன் புருஷன கரடி திங்கப் போவுது."

"பாவம் கரடி" என்றாள் அம்மா. "வயித்த வலிச்சுக்கிட்டுக் கெடக்கும்."

இருவரும் சிரித்தார்கள். நெரிஸுக்கு எரிச்சலாக வந்தது. "உங்களுக்குப் புரியல. நம்ம பேச்ச வெட்டிட்டு, அதனால வந்த ஓட்டைய அடைக்க உன்னத் துரோகியாக்குறாங்க. சிரிக்கிற."

"என்னக் கேட்டா எனக்குச் சம்மதம்னு சொல்லிடு" என்றார் அப்பா. "குளத்துல எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம்."

அம்மா அவளையே பார்த்தாள். "அவரே சிரிக்கிறாரு. உனக்கு எதுக்குடி இவ்வளவு கோவம்?"

அப்பாவுக்காகத்தான் கோபம் என்று நெரிஸ் நினைத்திருந்தாள். அப்பாவுக்கோ கரடி கிடைத்ததில் சந்தோஷம். அப்படியென்றால் யாருக்காக? எங்கள் ஊர்ப் பேச்சை வைத்து லண்டன்காரர்களைச் சிரிக்கவைக்கத்தான் இதை எழுதினேனா? ஃபெலிசிட்டியின் மேஜையில் உட்கார்ந்து, இந்தத் தடவை நானே நகைச்சுவை சொல்கிறேனா? அப்படியானால் பியர்ஸ் சொல்வதில் என்ன தப்பு? கேள்விகள் நிறைய இருந்தன. ஒன்றில் மட்டும் குழப்பமில்லை. மாக்கஸ் துரோகி இல்லை. அவனை உண்டாக்கியவள் அவள். அவளுக்குத் தெரியாதா?

அலுவலகம் ஒப்புதல் தராமல் புத்தகம் அச்சுக்குப் போகாது. அடித்த வார்த்தையைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று நெரிஸ் எழுதினாள். பேசித் தீர்க்கலாம் என்று ரோசலின்ட் லண்டனுக்குக் கூப்பிட்டார். நெரிஸ் விடுப்புப் போட்டு ரயிலேறினாள்.

பதிப்பக அறையில் மேஜை நிறையத் தேநீர்க் கோப்பைகள். ரோசலின்ட் களைப்பாகவும் அன்பாகவும் இருந்தார். பியர்ஸுக்கு அவள் வயதுதான் இருக்கும். தொடரின் ஒவ்வொரு வாரத்துக் கதையும் அவனுக்கு மனப்பாடம் என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது.

"ஸ்காட்லாந்துல அபர்டீன்ல ஒருத்தர் படிச்சா, ரெண்டும் சேந்து வர்றத அச்சுப் பிழைன்னுதான் நெனப்பாரு" என்றான்.

"கண்டக்டரும் அப்படித்தான் நெனக்கிறாரு. அதனாலதான் ட்ராமத் தவற விடுறாரு."

"கண்டக்டர் ட்ராம விடமாட்டாரு."

"இதுவரைக்கும் விடல. இதுவரைக்கும் எங்க ஊருக்கு வரலயே."

ரோசலின்ட் கோப்பைக்குள் சிரித்தார். பியர்ஸ் சிரிக்கவில்லை. அவன் கோபப்படவும் இல்லை. அதுதான் நெரிஸைச் சங்கடப்படுத்தியது.

"நெரிஸ், ட்ராம விடுறதுகூட எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா டிக்கெட் கையில இருக்கு. டிக்கெட் இருந்தா மொழி புரியும். இதுல மட்டும் நாங்க விட்டுக்கொடுக்கவே முடியாது. மாக்கஸ் சொன்னது கண்டக்டருக்குப் புரியலன்னா டிக்கெட் வேலை செய்யலன்னு ஆயிடும். மாக்கஸ் பொய் சொன்னா அந்தப் பிரச்சினையே இல்ல."

உண்மையான முடிச்சு அது. அவள் யோசித்திருக்கவில்லை.

ரோசலின்ட் மெதுவாகக் கேட்டார். "எனக்குச் சொல்லுங்களேன். உங்க ஊர்ல 'இப்பவே, ஒரு நிமிஷத்துல'ன்னு ஒருத்தர் சொன்னா, அதுக்கு என்ன அர்த்தம்?"

நெரிஸ் வாயைத் திறந்தாள். "அது வந்து... கொஞ்ச நேரத்துல. இல்ல, கொஞ்ச நேரம்னு இல்ல... சும்மா சொல்றதுதான்."

"சும்மா சொல்றதுன்னா கண்டக்டர் மேல தப்பில்லையே, டிக்கெட் மேலதானே தப்பு" என்றான் பியர்ஸ்.

பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தை. டர்ஹமில் பட்டம் வாங்கியவள். அர்த்தம் கேட்டால் முழிக்கிறாள். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்க. டிக்கெட்டும் வேலை செய்யணும், மாக்கஸும் நல்லவனா இருக்கணும். எழுதித் தர்றேன். முடியலன்னா நீங்க உங்க இஷ்டத்துக்கு மாத்திக்குங்க. ஆனா அவன் கைக்கூலி வாங்கினா அட்டையில என் பேர் வேணாம்."

"பேரை எடுத்துட்டா அடுத்த புத்தகம் கேக்குறது எனக்குக் கஷ்டம்" என்றார் ரோசலின்ட். மிரட்டலாகச் சொல்லவில்லை. "தெரியுமில்ல?"

"தெரியும்."

அந்த வாரம் அவள் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தாள். பேருந்தில், கடையில், வீட்டில் யார் எப்போது அந்த வார்த்தையைச் சொல்கிறார்கள் என்று கவனித்தாள். அப்பாவிடம் நேராகவே கேட்டாள். "என்ன கேள்வி இது? இப்பவே ஒரு நிமிஷத்துலன்னா இப்பவே ஒரு நிமிஷத்துலதான்" என்றார்.

சனிக்கிழமை காலை அவரோடு நீச்சல் குளத்துக்குப் போனாள். உள்ளே அப்பா குளத்தோரம் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே துண்டும் பையுமாக ஒரு கூட்டம். முன்னால் நின்ற பருத்த பெண்மணி கதவைத் தட்டினாள்.

"மெர்வ்! தெறயா! வெளிய நிக்கிற எங்களுக்கு மூக்கு உறைஞ்சு போச்சு!"

"இப்பவே, ஒரு நிமிஷத்துல!"

"போன வாரமும் இதத்தான் சொன்ன!"

"போன வாரமும் தெறந்தேன்ல?"

நெரிஸ் அப்பாவையே பார்த்தாள். பதில் சொல்லிக்கொண்டே அவர் கை இடுப்புக்குப் போனது. வளையத்திலிருந்து வாசல் சாவியை மட்டும் கழற்றி இடது உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். பிறகு மறுபடியும் துடைப்பத்தைப் பிடித்து, மிச்சமிருந்த மூலையையும் சாவகாசமாகத் தள்ளி முடித்தார். அவசரம் கொஞ்சமும் இல்லை. ஆனால் சாவி கையில் இருந்தது.

வெளியே பார்த்தாள். அந்தப் பெண்மணி அதற்குமேல் தட்டவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பக்கத்தில் இருந்தவளிடம் யாருடைய விவாகரத்தைப் பற்றியோ பேச ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கதவு இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

நெரிஸ் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே எழுதத் தொடங்கினாள்.

எழுதிய காட்சி இது. ட்ராமின் மணியோசை ஆற்றுப்பக்கம் தேய்ந்து அடங்குகிறது. இஸ்காவின் கதவு அப்போதுதான் திறக்கிறது. கண்டக்டர் கோட்டுப் பையில் கையை விட்டபடி நிற்கிறார்.

"நீ ஒரு நிமிஷம்னு சொன்ன" என்கிறார்.

"சொன்னேன்."

"ஒரு நிமிஷத்துல நீ தெறக்கல."

"இப்பவேன்னும் சொன்னேனே" என்கிறான் மாக்கஸ். "அத எங்க போட்டீங்க?"

கண்டக்டர் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துப் பார்க்கிறார். டிக்கெட்டில் தப்பில்லை. இரண்டு வார்த்தைகளையும் அது அவர் காதில் சேர்த்திருந்தது. இரண்டும் சேராது என்று முடிவுகட்டி, ஒன்றை அடித்துவிட்டது அவர்தான். மாக்கஸ் வலது கையில் ஈட்டி வைத்திருக்கிறான். இடது கையை விரித்துக் காட்டுகிறான். உள்ளங்கையில் தாழ்ப்பாளின் இரும்பு ஆணி இருக்கிறது, அது பதிந்த இடம் சிவந்திருக்கிறது.

"நீங்க கேட்டவுடனே இத எடுத்துட்டேன். அது இப்பவே. அங்க ஒரு கழுதை வண்டி பள்ளத்துல சாஞ்சு கெடந்துது, அதுக்குத் தோள் கொடுத்துட்டு வந்தேன். அது ஒரு நிமிஷம். அவசரம்னா நீங்களும் வந்து தோள் கொடுத்திருக்கலாமே?"

கண்டக்டரிடம் பதில் இல்லை. இருபது வருஷத் தொடரில் அவர் பதில் இல்லாமல் நின்றதில்லை. ஆனால் நிற்கக் கூடாது என்று விதிகளில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நெரிஸ் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினாள்.

அடிபட்ட 'இப்பவே'க்கள் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் திரும்ப உட்காரவைத்தாள். தானே சிரிப்புக்காக எழுதியிருந்த இரண்டு இடங்களை நீக்கினாள். அவற்றில் மாக்கஸ் மந்தமானவன் மாதிரி தெரிந்தான். வேறு யாரும் குறிக்காத அந்த இரண்டு இடங்களை நீக்கியபோதுதான், எதற்குக் கோபம் என்று அம்மா கேட்டதற்குப் பதில் கொஞ்சம் பிடிபட்டது: பாதிக் கோபம் தன்மேலேயேதான். அனுப்பினாள்.

ரோசலின்டின் அழைப்பு வந்தபோது அவள் கண்ணாடிக் கடையில் இருந்தாள். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். சரக்கறைப் பக்கம் ஒதுங்கிப் பேசினாள்.

"பியர்ஸ் ஒத்துக்கிட்டான். எங்க மொழி திருத்துறவரு அந்தப் பக்கத்தப் படிச்சுட்டு, 'என்னைத்தான் ஊதாக் கோட்டுப் போட்டு நிக்க வச்சிருக்காங்க'ன்னாரு. கோவமெல்லாம் இல்ல. நல்லாவே சிரிச்சாரு."

நெரிஸ் அலமாரியில் சாய்ந்துகொண்டாள்.

"பியர்ஸுக்கு ஒரே ஒரு ஆசை" என்று ரோசலின்ட் தொடர்ந்தார். "மாக்கஸ அவனுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கடைசி அத்தியாயத்துல ஆட்ரி ட்ராமோட திரும்பி வரும்போது அவனையும் ஏத்திக்கலாமாம். அடுத்த நாவல்லயும் அவன் வரலாம். நீங்களே எழுதலாம். என்ன சொல்றீங்க?"

அடுத்த நாவல். அந்த வார்த்தையை அவள் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். இப்படி ஒரு வாய்ப்பை வேண்டாம் என்பதற்கு அவள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

"அடுத்த நாவல் நான் எழுதுறேன், ரோசலின்ட். ஆனா மாக்கஸ் ஏறமாட்டான்."

"ஏன்? ஆள விடக் கூடாதுன்னு இவ்வளவு சண்டை போட்டீங்களே?"

"துரோகி ஆக்கக் கூடாதுன்னுதான் போட்டேன். அவன் அந்த ஊர்க்காரன். விடிஞ்சா சந்தைக்காரங்க வந்து நிப்பாங்க. கதவு தெறக்க ஆள் வேணும்."

மறுமுனையில் பென்சில் கீறும் ஓசை கேட்டது.

"சரி" என்றார் ரோசலின்ட். "மாக்கஸ் வாசல்லயே இருக்கட்டும். நான் அச்சுக்கு அனுப்புறேன்."

நெரிஸ் கைப்பேசியைப் பையில் போட்டாள். முன்மேஜைக்கு வந்து, அடுத்து யார் என்று பார்த்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.